கட்டுமரத்தை மீளக் கட்டுதல்: வடசென்னைக் கடற்கரைக் கலங்களின் புதுப்பிப்பும் மூலத்தன்மைச் சிக்கலும்

ஆய்வுச்சுருக்கம்

இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான வடசென்னைக் கடற்கரையில் நெடுங்காலம் வழங்கிவந்த கட்டுமரமும் தைத்த படகும் இன்று கண்ணாடியிழைப் படகுகளுக்கு இடம்விட்டு ஒதுங்கிவிட்டன. எஞ்சிய பழங்கலம் ஒன்றைப் பழைய முறையிலான உறுப்புகளைக் கொண்டு புதுப்பிக்க முற்படும்போது, அக்கலத்தில் மூலம் எது, மாற்றம் எது என்னும் வினா எழுகிறது. பழமையான மரத்துண்டுகளைக் காப்பதே மூலத்தைக் காப்பதாகும் என்னும் பொதுக்கருத்து இவ்வகைக் கலங்களுக்குப் பொருந்தாது என்பதையும், அவிழ்த்துக் கட்டும் தொழில்முறையே இவற்றின் மூலம் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. சுவடிப் பதிப்புநெறியின் துணைகொண்டு புதுப்பிப்புக்கான நெறிமுறை ஒன்றும் முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கட்டுமரம், மசூலாப் படகு, தென்னைநார்க் கயிறு, மூலத்தன்மை, பதிப்புநெறி, வடசென்னை.

முன்னுரை

தமிழ் நெய்தல் வாழ்வைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இலக்கியச் சான்றுகளை மையமிட்டே அமைந்துள்ளன. திமில், அம்பி, புணை, தோணி, வங்கம், நாவாய் எனச் சங்கப் பாடல்களில் பயின்றுவரும் கலப்பெயர்கள் தொகுக்கப்பட்டு வகைப்படுத்தப்பட்டுள்ளன. அப்பெயர்களின் வழித்தோன்றல்களாக நம் காலம்வரை கடலில் மிதந்த கலங்களோ அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் ஒரு தலைமுறைக்கு முன்வரை அன்றாடக் காட்சியாக இருந்த கட்டுமரம் இன்று அரிதாகிவிட்டது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர் நிவாரணமாக வழங்கப்பட்டவற்றுள் பெரும்பான்மையானவை கண்ணாடியிழைப் படகுகளே. ஏற்கெனவே தொடங்கியிருந்த மாற்றத்தை அந்நிகழ்வு விரைவுபடுத்தியது.

ஒரு பொருள் வழக்கிலிருந்து மறையும் காலத்திலேயே அதனைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெறுகிறது. அருங்காட்சியகத்திலோ கல்வி நிறுவன வளாகத்திலோ பழைய கட்டுமரம் ஒன்றை நிறுத்திவைப்பது கடினமன்று. அதனைச் செம்மைசெய்து மீண்டும் கடலில் மிதக்கவிடுவதும் இயலக்கூடியதே. அவ்வாறு செய்யும்போது மாற்றவேண்டிய உறுப்புகள் எவை, மாற்றக் கூடாதவை எவை, எத்தனை உறுப்புகளை மாற்றினால் அது பழைய கலமாக நீடிக்கும் என்னும் வினாக்களுக்கு விடை காணாமல் புதுப்பிப்பில் இறங்குவது பிழையான கலத்தை உருவாக்குவதில் முடியும்.

1. பெயரும் இலக்கணமும்

கட்டுமரம் என்னும் சொல் வினைத்தொகை. ஊறுகாய் என்பதைப் போலவே கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலத்துக்கும் விரியும் தன்மை அதற்கு உண்டு. பெயரீட்டில் அமைந்த இந்த இலக்கணக்கூறு கலத்தின் இயல்போடும் பொருந்திநிற்கிறது. கடலுக்குச் செல்லும்முன் மரங்களைச் சேர்த்துக் கட்டுவதும், கரை திரும்பியபின் கட்டவிழ்த்து உலர்த்துவதும், மறுமுறை செல்லும்போது மீளக் கட்டுவதும் இக்கலத்தின் வாழ்க்கை. ஒருமுறை கட்டி முடித்து நிலையாக வைக்கும் பொருளாக அது உருவாகவில்லை.

கரையோர மக்கள் பேச்சில் இதற்கு ‘மரம்’ என்பதே பெயர். அளவையும் பயன்பாட்டையும் ஒட்டிச் சின்னமரம், பெரியமரம், கோலாமரம் என்னும் அடைகள் சேரும். கோலாமரம் என்பது பறவைக்கோலா மீன் பிடிப்பதற்காக ஆழ்கடலுக்குச் செல்லும் பெரிய கலம். இச்சொல் ஐரோப்பிய மொழிகளுக்குள் சென்ற வரலாறும் நோக்கத்தக்கது. 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயணநூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரம் இடம்பெறுகிறது. பின்னர் இரட்டை உடல் கொண்ட விரைவுக் கப்பல்களுக்கு அப்பெயர் ஆகிவந்தது. தமிழகத்திலேயே இன்று கண்ணாடியிழையில் வார்க்கப்பட்ட கலமும் கட்டுமரம் எனப்படுகிறது. கட்டு நீங்கிய பின்னும் பெயர் தங்கியிருக்கிறது. புதுப்பிக்கப்படும் பழங்கலத்திலும் இதே நிலை நேரலாம் என்பதே இங்குக் கருதவேண்டிய இடர்.

2. கலத்தின் அமைப்பு

கட்டுமரத்தின் அடிப்படை எளியது. எடை குறைந்த மென்மரத் தடிகள் பலவற்றைச் செதுக்கி ஒன்றோடொன்று நெருக்கிவைத்துத் தென்னைநார்க் கயிற்றால் முன்னும் பின்னும் கட்டுவர். நடுமரம் நீண்டும் பக்கமரங்கள் குறுகியும் அமையும். பக்கமரங்கள் சற்று உயர்ந்து நிற்பதால் குறுக்குவெட்டில் கலம் ஆழமற்ற தட்டுப்போலக் குழிந்திருக்கும். முன்பகுதியாகிய அணியம் ஒடுங்கி மேல்நோக்கி வளைந்திருப்பது அலையை ஏறிக் கடக்க உதவுகிறது. வாகை இனத்து மென்மரங்களும் மலைவேம்பும் இதற்கு உகந்தவை. இவற்றுள் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தன. எனவே வடசென்னைக் கரையின் கட்டுமரம் மேற்கு மலைக்காட்டையும் கிழக்குக் கடலையும் இணைத்த வணிகத்தின் விளைபொருளும் ஆகும்.

இவ்வமைப்பின் நுட்பம் நீரைத் தடுப்பதில் இல்லை; நீருக்கு வழிவிடுவதில் உள்ளது. மேலே ஏறும் அலைநீர் மரங்களுக்கு இடையேயுள்ள சந்துகள் வழியே வடிந்துவிடும். உட்குழிவில் நீர் நிறைந்து மூழ்கும் நிலை இதற்கு இல்லை. மிதப்பு முழுவதும் மரத்தின் எடைக்குறைவையே சார்ந்திருக்கிறது. மென்மரம் நீரை உறிஞ்சும் இயல்புடையது; நீர் ஊறினால் எடை கூடி மிதப்புக் குறையும். ஆகவே கட்டவிழ்த்து வெயிலில் உலர்த்துவது இக்கலம் இயங்குவதற்கான இன்றியமையா நிபந்தனையாகிறது. உலர்த்துதல் கப்பற்புழு துளைப்பதையும் மட்டுப்படுத்துகிறது. கட்டுப் பிரிக்கப்படுவதால் பெரிய கலத்தையும் ஒவ்வொரு மரமாகத் தோளில் சுமந்து அலை எட்டாத மேட்டுக்குக் கொண்டுசெல்ல முடிகிறது.

3. சான்றுகளும் அவற்றின் எல்லையும்

பழைய முறையில் புதுப்பிப்பதற்குப் பழைய முறை எது என அறியவேண்டும். இதற்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகள் குறைவல்ல. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த செங்கடல் வழிகாட்டி நூல், தனிமரங்களைச் சேர்த்துக் கட்டிய ‘சங்கரா’ என்னும் பெருங்கலங்களைக் கிழக்குக் கரையில் குறிக்கிறது. 1669 முதல் 1679 வரை வங்கக் கடற்பகுதியில் இருந்த தாமஸ் பௌரி மசூலாப் படகையும் கட்டுமரத்தையும் விவரித்துள்ளார். ஜான் எடை 1834இல் வெளியிட்ட கட்டுரை, மூன்று மரங்களாலான 20 முதல் 25 அடி நீளக் கட்டுமரத்தைக் காட்டுகிறது. பிரெஞ்சுக் கடற்படையினரான பாரி 1840களில் வெளியிட்ட நூல் சோழமண்டலக் கலங்களின் அளவுப் படங்களைத் தருகிறது. மதராஸ் மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராகப் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் வெளியிட்ட இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய ஆய்வு இத்துறையின் அடிப்படை நூல். மசூலாப் படகு குறித்து எரிக் கென்ட்லி எழுதிய ஆய்வு 1985இல் வெளிவந்தது.

இச்சான்றுகள் அனைத்துக்கும் பொதுவான எல்லை ஒன்று உண்டு. இவை கட்டப்பட்ட கலத்தைக் காட்டும் அளவுக்குக் கட்டும் செயலைக் காட்டுவதில்லை. நீளம், அகலம், மரங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை அறியலாம். எந்த மரத்தை முதலில் கிடத்துவது, கயிற்றை எப்பக்கமிருந்து வளைப்பது, எத்தனை சுற்று இடுவது, கட்டு இறுகியதை எவ்வாறு அறிவது என்பவற்றை ஓர் அளவுப்படத்திலிருந்து முழுமையாகப் பெற இயலாது. இவற்றை எழுதியோர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் அல்லர் என்பதும் கருதத்தக்கது. உறுப்புப்பெயர்கள் சில ஒலிபெயர்ப்பில் திரிந்தன. சில இடம்பெறவே இல்லை. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் கலப்பெயர்களைப் பதிவுசெய்துள்ளது. ஆயின் ஓர் அகராதிப் பதிவு தொழில்முறை விளக்கமாக அமையாது. எனவே எழுத்தில் உள்ளதையும் தொழிலோர் கையிலும் வாயிலும் உள்ளதையும் ஒப்பிட்டே முடிவுக்கு வரவேண்டும்.

4. மூலத்தன்மையும் பதிப்புநெறியும்

நினைவுச்சின்னங்களின் பாதுகாப்புக்கு அடிப்படையாகக் கொள்ளப்படும் 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், பழம்பொருளின் மூலப்பகுதிகளை இயன்றவரை காக்கவேண்டும் என்றும், புதிதாகச் சேர்க்கும் பகுதி முழுமையோடு இசைந்திருப்பினும் வேறுபடுத்தி அறியத்தக்கதாக இருக்கவேண்டும் என்றும் கூறுகிறது. கற்கட்டடங்களை முதன்மையாகக் கருத்தில் கொண்ட நெறி இது. 1994ஆம் ஆண்டு நாரா ஆவணம் இதனை விரிவுபடுத்தி, மூலத்தன்மையை அந்தந்தப் பண்பாட்டின் சூழலில் வைத்தே மதிப்பிடவேண்டும் என்றது. மூலப்பொருளோடு பயன்பாடு, மரபு, தொழில்நுட்பம் ஆகியவற்றையும் அளவுகோலாக ஏற்றது.

தமிழ்ப் புலமை மரபுக்கு இக்கருத்துப் புதிதன்று. பனையோலை நிலையான பொருள் அல்ல. அது செல்லரிக்கும், முறியும். ஆகவே பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிவந்தனர். சங்கப் பாடல் எழுதப்பட்ட முதல் ஏடு இன்று இல்லை என்பதால் இன்று நம் கையிலுள்ள பாடல் போலியாகிவிடவில்லை. பனுவல் ஏடு மாறி வாழ்ந்தது. அதே வேளையில் ஒவ்வொரு படியிலும் பிழையும் திருத்தமும் இடைச்செருகலும் நுழைந்தன. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரும் பிற பதிப்பாசிரியர்களும் பல படிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தது இதனாலேயே.

கட்டுமரத்தில் மரத்தடி ஏட்டின் இடத்தில் இருக்கிறது. கட்டும் முறை பனுவலின் இடத்தில் இருக்கிறது. ஊறி உளுத்த தடியை நீக்கிப் புதிய தடி சேர்ப்பது இக்கலத்தின் வாழ்நாளில் இயல்பாக நிகழ்வது. கயிறோ அதனினும் அடிக்கடி மாறுவது. பழைய தடிகள் அனைத்தையும் இருப்பாணியால் இறுக்கி, வேதிப்பூச்சு தடவி, என்றும் அவிழாத கலமாக நிறுத்தினால் மரத்துண்டுகள் காக்கப்படும். ஆனால் அது கட்டிய மரமாக மட்டுமே எஞ்சும். கட்டுகின்ற, கட்டும் மரமாக இராது. மறுதலையாக, எல்லாத் தடிகளும் காலப்போக்கில் மாறிய ஒரு கலம், உரிய மரத்தால், உரிய வரிசையில், உரிய கயிற்றால் கட்டப்பட்டிருக்குமாயின் அது மூலத்தோடு தொடர்புடையதே.

இதனால் பழைய தடிகளைப் பொருட்படுத்த வேண்டியதில்லை எனக் கொள்ளுதல் கூடாது. படியெடுத்தபின் பழைய ஏட்டை ஆற்றுவெள்ளத்தில் விட்ட வழக்கத்தால் பாடம் சரிபார்க்கும் வாய்ப்பை நாம் இழந்தோம். நீக்கப்பட்ட தடி விறகாகும்போதும் அத்தகைய இழப்பே நேர்கிறது. கயிறு படிந்த தடம், வாய்ச்சியின் வெட்டு, துடுப்பு உரசித் தேய்ந்த இடம் ஆகியவை அத்தடியில்தான் உள்ளன.

5. உறுப்புகளை மாற்றுவதற்கான நெறி

மேற்கண்ட கருத்திலிருந்து புதுப்பிப்புக்குரிய நெறிகளைப் பின்வருமாறு வகுக்கலாம்.

முதலாவது, அவிழ்ப்பதற்கு முன் பதிவு. ஒவ்வொரு தடிக்கும் எண்ணிட்டு, அதன் இடம், தலைமாடு கால்மாடு, மேற்புறம் கீழ்ப்புறம் ஆகியவற்றைக் குறிக்கவேண்டும். கயிற்றின் சுற்றுகளையும் முடிச்சுகளையும் படமாகவும் சொல்லாகவும் பதிவு செய்யவேண்டும். அவிழ்ப்பதையும் கட்டத் தெரிந்தவர் கையாலேயே செய்விப்பது நல்லது. கட்டிய வரிசை அவிழ்க்கும் வரிசையில் தலைகீழாக வெளிப்படும்.

இரண்டாவது, மதிப்பீடு. தடிகளை நிழலும் காற்றும் உள்ள இடத்தில் மெல்ல உலரவிட்டு எடையை ஒப்பிடவேண்டும். நெடுங்காலம் கட்டடத்துக்குள் இருந்த மரத்தைத் திடீரெனக் கடுவெயிலில் இட்டால் வெடிப்பு உண்டாகலாம். கப்பற்புழுத் துளைகளும் உளுப்பும் உள்ள தடி தோற்றத்தில் உருவம் கெடாமல் இருக்கலாம். தட்டிப் பார்த்தும் எடையிட்டும் அறியவேண்டும். மிதப்பைத் தாங்க இயலாத தடியை மட்டுமே மாற்றவேண்டும்.

மூன்றாவது, மரத்தேர்வு. உறுதியான மரம் உயர்ந்தது என்னும் எண்ணத்தால் தேக்கையோ வேறு வன்மரத்தையோ சேர்ப்பது இங்குப் பெரும்பிழை. கலத்தின் ஒருபக்கம் எடை கூடினால் அது சாய்ந்து மிதக்கும். புதிய தடி பழைய தடியின் இனத்தையும் எடையையும் ஒத்திருக்கவேண்டும். வளைந்த அணியத்துக்கு, இயற்கையிலேயே வளைந்த மரத்தைத் தேடுவது நேர்மரத்தைச் செதுக்கி வளைவுண்டாக்குவதைவிடச் சிறந்தது. நார்வரி வளைவோடு செல்வதால் முறிவு குறையும்.

நான்காவது, கயிறு. செயற்கை இழைக்கயிறு மலிவும் நெடுநாள் உழைப்பும் உடையது. அதன் வழுவழுப்பால் முடிச்சு நழுவ இடமுண்டு. மெல்லிய இழை மென்மரத்தை அறுக்கவும் கூடும். சொரசொரப்பான தென்னைநார்க் கயிறு மரத்தைக் கவ்விப் பிடிக்கிறது; உவர்நீரையும் தாங்குகிறது. பழைய முறை என்னும் பெயருக்குக் கயிறே முதன்மையான சான்று ஆதலின், தோற்றத்துக்காகத் தென்னைநார்க் கயிற்றை மேலே சுற்றி உள்ளே செயற்கை இழையை மறைத்துவைப்பது இடைச்செருகலுக்கு ஒப்பாகும்.

ஐந்தாவது, வேறுபாட்டுக் குறிப்பு. புதிய தடியின் உட்புறத்தில், சேர்த்த ஆண்டைப் பொறிக்கவேண்டும். நீக்கிய தடியை உரிய எண்ணுடன் பாதுகாக்கவேண்டும். பதிப்பில் பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் தருவதற்கு நிகரான செயல் இது.

ஆறாவது, மிதக்கவிட்டுச் சோதித்தல். கட்டிய கலம் அலையில் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதே கட்டின் செம்மைக்கு இறுதிச் சான்று. அதன்பின் கரையேற்றி அவிழ்க்கவேண்டும். அவிழ்க்கப்படாத சோதனை பாதிச் சோதனையே.

6. தைத்த படகு தரும் ஒப்புமை

துறைமுகம் அமைவதற்கு முன் சென்னைக்கு வந்த கப்பல்கள் கரையிலிருந்து விலகியே நங்கூரமிட்டன. இடையிலிருந்த அலைமுறியும் பகுதியைக் கடந்து மனிதரையும் சரக்குகளையும் கரைசேர்த்தவை ஐரோப்பியர் மசூலா என்றழைத்த தைத்த படகுகள். தமிழில் இவை படகு என்றே வழங்கின. பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, சந்தின்மேல் வைக்கோலோ நாரோ வைத்து அழுத்தி, தென்னைநார்க் கயிற்றால் தைப்பர். தட்டையான அடியும் வளைந்துகொடுக்கும் உடலும் உடையதாகையால் மணலில் மோதும்போது அதிர்வைத் தாங்கியது. இருப்பாணி அடித்த படகில் இந்த நெகிழ்ச்சி இல்லை. தையல் தளர்ந்தபோது பிரித்து மீளத் தைப்பது இதன் வழக்கம். கட்டுமரத்தைப் போலவே இதுவும் மீள்செயலால் வாழ்ந்த கலம்.

தையல்முறை முற்றிலும் அழியவில்லை என்பதை அண்மைக்கால நிகழ்வுகள் காட்டுகின்றன. ஓமானில் உருவாக்கப்பட்டு 2010இல் சிங்கப்பூர் வரை பயணம் செய்த ‘ஜுவல் ஆஃப் மஸ்கட்’ கப்பலின் தையற்பணியில் கேரளத் தொழிலாளர் பங்கேற்றனர். அசந்தா ஓவியம் ஒன்றை அடியொற்றிக் கட்டப்பட்ட தைத்த கப்பலான ‘கௌண்டின்யா’ 2025 மே 21ஆம் நாள் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அதன் தையலும் கேரளக் கைவினைஞரின் பணியே. ஓவியத்திலிருந்து வடிவத்தைப் பெறலாம். தையலை உயிருள்ள கையிலிருந்துதான் பெறமுடியும் என்பது இவற்றால் தெளிவாகிறது. வடசென்னையின் கட்டுமரத்துக்கும் இதே நிலைதான். கட்டத் தெரிந்த முதியோர் உள்ளவரையே அதனை மீளக் கட்டும் வாய்ப்பும் உண்டு.

7. கரை என்னும் உறுப்பு

கலத்தின் உறுப்புகளை எண்ணும்போது கரையை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கட்டவும் அவிழ்க்கவும் உலர்த்தவும் மணற்கரை வேண்டும் என்பதால் அதுவும் கட்டுமரத்தின் ஓர் உறுப்பே. வடசென்னையில் இவ்வுறுப்பே முதலில் சிதைந்தது. 1861இல் சென்னைக் கடற்பாலம் பயன்பாட்டுக்கு வந்தது. 1876இல் துறைமுகப் பணி தொடங்கியது. 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்தபின் மீண்டும் கட்டப்பட்டது. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் துறைமுகச் சுவரால் தடுக்கப்பட்டதால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கிக் கடலரிப்பு மிகுந்தது. அரிப்பைத் தடுக்கக் கருங்கற் சுவர்களும் தூண்டில் வளைவுகளும் எழுந்தன. 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் இயங்கத் தொடங்கியது.

கருங்கற் குவியலின்மேல் கட்டுமரத்தை ஏற்ற இயலாது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் அமைதியான நீர் விசைப்படகுக்கு உகந்தது. நீரிலேயே கிடக்கும் கட்டுமரமோ ஊறிக் கனத்துப்போகும். எனவே கட்டுமரத்தின் மறைவுக்கு இயந்திரமும் கண்ணாடியிழையும் மட்டுமே காரணம் எனக் கூறுவது குறைவுடைய விளக்கம். கலத்தை அவிழ்த்துப் போட இடமில்லாத கரையில், அவிழ்த்துக் கட்டும் கலம் வழக்கொழிவது இயல்பு. எண்ணூர்க் கழிமுகப் பகுதியில் 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது பரவிய எண்ணெய்ப் படலம் படகுகளையும் வலைகளையும் பாழாக்கியது. நீரை உறிஞ்சும் மென்மரத்துக்கும் நார்க்கயிற்றுக்கும் அத்தகைய நீர் மேலும் தீங்கானது. ஆகவே புதுப்பிக்கப்பட்ட கட்டுமரத்துக்கு உரிய இடத்தைத் தேர்வதும் புதுப்பிப்பின் ஒரு பகுதியே. திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் தூண்டில் வளைவுகளுக்கிடையே மணல் சேரும் இடங்கள் இருப்பின், அவற்றை இதற்கெனக் கருதலாம்.

முடிவுரை

கட்டுமரம், தைத்த படகு ஆகியவற்றின் மூலத்தன்மை அவற்றின் மரத்துண்டுகளின் வயதில் அடங்கவில்லை. உரிய பொருளைக் கொண்டு உரிய முறையில் மீண்டும் மீண்டும் கட்டப்படுவதில் அது தங்கியுள்ளது. பழைய முறையிலான உறுப்புகளால் புதுப்பித்தல் என்பது உறுப்பை மட்டுமன்றி, அவ்வுறுப்பை ஆக்கும் செயலையும் அதற்குரிய சொல்லையும் அது நிகழும் கரையையும் உள்ளடக்கியது. சுவடிப் பதிப்புநெறியின் ஒழுங்கை இப்பணிக்குப் பொருத்தினால், மாற்றங்களை மறைக்காமலும் மரபை உறையவைக்காமலும் கலத்தைக் காக்க வழி பிறக்கும்.

இப்பணி படகுப் பொறியாளருக்கோ அருங்காட்சியகக் காப்பாளருக்கோ மட்டும் உரியதன்று. ஒரு கட்டுமரம் கட்டப்படும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் முடிச்சுக்கும் தொழிலோர் வழங்கும் சொல்லைக் கேட்டு, செயலோடு சேர்த்துப் பதிவுசெய்வது தமிழாய்வாளரின் கடமை. புதிய தடிக்கு மலைவேம்பு இனியும் வளரும்; கயிற்றுக்குத் தென்னைநார் இனியும் கிடைக்கும். கட்டும் வரிசையும் அதன் சொற்களும் நின்றுபோனால் அவற்றை எக்காட்டிலிருந்தும் கொணர இயலாது. ஆதலின், பழங்கலங்களைத் தேடிச் சேர்ப்பதற்கு முன்பாகவே, கட்டத் தெரிந்தோரைக் கொண்டு மரம் கட்டுவித்து அதனைச் சொல்லோடு பதிவுசெய்யும் களப்பணி வடசென்னைக் குப்பங்களில் தொடங்கப்பட வேண்டும்.